கட்டுக்கு இருபத்தஞ்சு

அந்த ஏப்ரலில் நான்தான் சொன்னேன்,
போனில் பார்ப்பது வைத்தியமே இல்லை என்று.
ஹைகிரவுண்டில் என்னோடு படித்த ஞானதீபாவிடம்
சண்டை போலவே சொன்னேன்.
வயிற்றைத் தொடாமல் வயிற்றுவலிக்கு மருந்தா,
நாளைக்கு ஒன்று ஆனால் கோர்ட்டில் யார் நிற்பது?
"உமக்குப் பயம் கோர்ட்டா, கிருமியா?" என்றாள்.
நான் பேச்சை மாற்றினேன்.
எனக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட்.

மே மாதம் முக்கூடல் கிளினிக்கின் ஷட்டர்
முழங்கால் உயரத்துக்கு இறங்கியது.
கம்பவுண்டர் தேவபிச்சை
குளுக்கோஸ் அட்டைப்பெட்டியைக் கிழித்து
என் செல் நம்பரை எழுதி மாட்டினார்.
அவர் கையெழுத்தில் ஏழும் ஒன்றும் ஒன்றுதான்.
ஆலங்குளத்து டயர்க்கடைக்காரர் ஒருவர்
பத்து நாளாக என் நோயாளிகளிடம்
"வெந்நி நெறைய குடிங்க, பயப்படாதிய" என்று
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.
ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

நம்பரைத் திருத்தினோம்.
நாக்கை நீட்டச் சொன்னால் மின்விசிறி தெரியும்,
கண்ணைக் காட்டச் சொன்னால்
போன் பிடித்திருக்கிற பிள்ளையின் கட்டைவிரல்.
கால்வீக்கம் என்ற ஒருவரின் மருமகளை
அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.
எவ்வளவு குழி விழுது?
"ஒரு பட்டாணி கெடக்கும் சார்."
அதைவிடச் சரியாக நான் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை.

ஆனால் இருமல்?
இருபத்தேழு வருஷம் இந்த ஊரின் இருமலைக் கேட்டவன் நான்.
பீடித்தூள் இருமல் எது, காசம் எது,
புருசனோடு பேசப் பிடிக்காத இருமல் எது,
திரைச்சீலைக்கு வெளியே வைத்தே சொல்லிவிடுவேன்.
போனோ எல்லாவற்றையும் ஒரே தகரத்தில் போட்டுக்
குலுக்கித் தந்தது.

அரியநாயகிபுரத்திலிருந்து சொர்ணவடிவு கூப்பிட்டபோது
ராத்திரி பத்து தாண்டியிருந்தது.
"ஒண்ணுமில்ல சார், லேசா எளப்புதான்,
படுத்து எந்திரிச்சா சரியாப் போவும்."
விரலில் மாட்டும் கருவி அவள் தெருவிலேயே இல்லை.
ஒரே மூச்சில் எண்ணு என்றேன்.
"எதுவரைக்கும் சார்?"
கட்டுக்கு எத்தனை பீடி?
"இருபத்தஞ்சு."
அதுவரைக்கும்.

தினம் நாற்பது கட்டு சுற்றுகிற கை.
கம்பெனி பூட்டி இரண்டு மாதம் ஆகியும்
மடியில் அந்த விரல்கள் அசைந்திருக்கும்,
நான் பார்க்கவில்லை.
ஒம்பது, பத்து, பதினொண்ணு
அங்கே நூல் அறுந்தது.

"தப்பிட்டு சார். திருப்பி எண்ணட்டா?"

இரண்டாம் தரம் எட்டு.

நூற்றெட்டுக்குத் தேவபிச்சை போனில் கத்த,
நான் அவள் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தேன்.
கதவு. செருப்பு. நாய்.
சார்ஜரை எடுத்துக்கிடணுமா என்று யாரோ கேட்டார்கள்.
ஆமா, எடுத்துக்கோங்க என்றேன்.
அன்றைக்கு ராத்திரி என்னால் ஆன சிகிச்சை அவ்வளவுதான்;
இரண்டு கையும் சும்மா மேஜைமேல் கிடந்தன.

ஆகஸ்டில் ஞானதீபா ஒரு படிவம் அனுப்பினாள்.
தொலைமருத்துவம் பற்றி மருத்துவர்களின் மனநிலை.
முழுத் திருப்தி, ஓரளவு, இல்லை:
கட்டங்களை விட்டுவிட்டு
'வேறு ஏதேனும்' என்ற இடத்தில்
பட்டாணி என்று எழுதினேன். பிறகு அடித்தேன்.

செப்டம்பரில் ஷட்டர் முழுசாக ஏறிய வாரம்
சொர்ணவடிவு வந்தாள்,
கழுத்தெலும்பு துருத்த, தாவணிக்காரி போல இளைத்து.
முதுகில் குழலை வைத்தேன்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.
நான் கேட்காமலே எண்ணத் தொடங்கினாள்.
இருபத்திரண்டில் நின்றாள்.

"மூணு கொறையுது சார்.
இதைப் போன்லயே எண்ணிருப்பேம்லா.
ஆட்டோக்காரனுக்கு நூத்தம்பது ரூவா தெண்டம்."